இரண்டு கோப்புகளுக்கு நடுவே

ஒரே ஒரு வாக்கியம் போதும் என்றார் பர்சனல் ஆபீசர் மாடசாமி. வெள்ளிக்கிழமை காலை விசாரணைக்கு வந்து, லீக் டெஸ்ட் மேசையில் ஓடும் புரோகிராமில் தப்பில்லை என்று ஜெபசீலி சொல்லிவிட்டால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். அவர் திருநெல்வேலிக்காரர். ஓசூர் சிப்காட்டுக்கு வந்து தலை நரைத்த பிறகும் பேச்சு மட்டும் மாறவில்லை.

"நீ எழுதுன புரோகிராம். ஒனக்குத் தெரியாததா? வந்து சொல்லிட்டுப் போயிரு. சின்ன சோலிதான்."

சொல்கிறேன் என்றாள் ஜெபசீலி. தயங்காமல்தான் சொன்னாள். தான் எழுதியதை வரி வரியாக மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும், சர்ச்சில் பிரசங்கம் நீளும்போதும் அவளுக்குள் அந்த வரிகள் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அதிகம் பேசமாட்டாள். பேசாதவள் என்று பெயர் வாங்கியிருந்தாலும், பேசிய பேச்சைத் திருப்பி வாங்கியவள் என்ற பெயர் வாங்கியதில்லை.

அந்தத் தொழிற்சாலை பம்புகளுக்கான அலுமினியக் கூடுகளைக் கடைந்து அனுப்பியது. அங்கே அவற்றைப் பாடி என்பார்கள். டிராக்டர் பாடி, கார் பாடி என்று இரண்டு ரகம். கடைந்து முடித்த ஒவ்வொன்றையும் சோதனை மேசையில் பூட்டி, உள்ளே காற்றை ஏற்றி, சற்று விட்டுப் பார்த்தால், அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். டிராக்டர் பாடியில் பன்னிரண்டு வரை இறங்கலாம். கார் பாடியில் நாலைத் தாண்டக்கூடாது. எல்லைக்குள் இருந்தால் பச்சை விளக்கு எரியும், தாண்டினால் சிவப்பு. மேசையில் நிற்கிறவர் செய்யவேண்டிய முக்கியமான காரியம், ரகம் மாறும்போது அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது.

போன வாரம் பெங்களூர் கார் கம்பெனியிலிருந்து ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. பாதிக்கு மேல் கசிந்தன. அந்த லாட்டைச் சோதித்தவள் முனிலட்சுமி, கெலமங்கலத்திலிருந்து வந்து போகிற டிரெய்னி. ரகத்தை மாற்றாமல் டிராக்டர் எல்லையிலேயே கார் பாடிகளைச் சோதித்துத் தள்ளிவிட்டாள் என்று குவாலிட்டி மேனேஜர் கோவிந்தப்பன் முடிவுகட்டினார். அவளை சஸ்பெண்ட் செய்து கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்த மாதம்தான் அவளுக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வருவதாக இருந்தது. தப்பு அவளுடையது என்று விசாரணை முடிந்தால் இந்த வேலை போகும். அதோடு நிற்காது. சிப்காட்டின் பர்சனல் ஆபீசர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டு விசாரிக்கிறவர்கள். ஒரு கேட்டில் வெளியேற்றப்பட்டவளுக்கு இன்னொரு கேட் திறக்காது.

ஷிப்ட் முடிந்து ஜெபசீலி வெளியே வந்தபோது, சாலைக்கு அந்தப் பக்கம் பேக்கரி வாசலில் முனிலட்சுமி நின்றிருந்தாள். யாருக்காக நிற்கிறாள் என்பதில் சந்தேகமில்லை. ஜெபசீலி சாலையைக் கடந்து போனாள்.

"மாடசாமி சார் உங்களக் கூப்பிட்டுப் பேசுனாராமே."

"ஆமா."

"என்னா சொல்லப் போறீங்க்கா?"

"புரோகிராம்ல தப்பு இல்லைன்னு."

அழுவாள், கெஞ்சுவாள் என்று ஜெபசீலி நினைத்திருந்தாள். முனிலட்சுமி இரண்டையும் செய்யவில்லை. துப்பட்டாவை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, லாரிகள் போவதைப் பார்த்தபடி பேசினாள்.

"அப்பிடின்னா தப்பு என்னோடதுன்னு ஆவுது. நான் மாத்துனங்க்கா. மாத்திட்டுத்தான் முதல் பாடியவே பூட்டுனேன். கார் பாடி, நாலுன்னு திரையில வந்துச்சு. மாத்தலைன்னு யாரு சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்."

கெலமங்கலம் பஸ் வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. முனிலட்சுமி ஏறவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். திரையில் நாலு என்று வந்திருந்தால் புரோகிராமுக்கு நாலு என்று தெரிந்திருக்கிறது. நாலு என்று தெரிந்த புரோகிராம் கசிகிற பாடிக்குப் பச்சை காட்டாது. அப்படியானால் இவள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும். ஆனால் பொய் சொல்கிறவர்கள் பேச்சில் கொஞ்சம் இடைவெளி விட்டுவைப்பார்கள், நாளைக்கு ஒதுங்கிக்கொள்ள. இவள் பேச்சில் அப்படி எதுவும் இல்லை. இரண்டும் உண்மையாக இருக்க வழியுண்டா என்று ஜெபசீலியின் மனம் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.

"எப்படி மாத்துனே? கம்ப்யூட்டர அணைச்சுப் போட்டியா, ஓடிட்டிருக்கும்போதே மாத்துனியா?"

"எதுக்குங்க்கா அணைக்கணும்? நடுவுல மாத்தத்தான் கீ இருக்குதே. முன்னாடின்னா கரண்டு போவும். அப்பத்தான் பிக்ஸ்சரக் கழட்டி மாத்துவோம். கரண்டு வந்து பொட்டியப் போட்டா அதுவே எந்தப் பாடின்னு கேக்கும். இப்பத்தான் யூபிஎஸ் வந்துட்டுதே. அது எங்க அணையுது?"

ஜெபசீலி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தப் பட்டறையில் கரண்டு போவது யாரையும் வருத்தியதில்லை. அதை ஒரு வேலை நேரமாகவே வைத்திருந்தார்கள். மெஷின் நிற்கும்போது சும்மா இருப்பானேன் என்று, ஒரு ரகத்தின் பாடியைப் பிடித்து நிறுத்தும் பிக்ஸ்சரைக் கழற்றி அடுத்த ரகத்தின் பிக்ஸ்சரைப் பூட்டுவது அப்போதுதான். அப்படியே பழகிப்போய், கரண்டு போகாத நாளில் ரகத்தை மாற்றச் சொன்னால், கொஞ்சம் பொறுங்க சார், எப்படியும் போவும் என்பார்கள். ஆயுத பூஜைக்குக் கோவிந்தப்பன் சோதனை மேசைக்கு யூபிஎஸ் வாங்கி வைத்தார். அதற்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காயும் அவரே உடைத்தார். அன்றிலிருந்து, வாரக் கடைசியில் நிறுத்துவதைத் தவிர, அந்தக் கம்ப்யூட்டர் அணையவே இல்லை.

தன் அறையில் தான் எப்படிச் சோதித்தோம் என்பதும் அவளுக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு முறையும் புரோகிராமை நிறுத்திவிட்டு, புதிதாகத் தொடங்கி, ரகத்தைச் சொல்லி, பிறகுதான் பார்த்திருக்கிறாள். எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ரகத்தை மாற்றிவிட்டு, கசிகிற பாடி ஒன்றைப் பூட்டி யாரும் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி உனக்குச் சொல்றேன்" என்றாள்.

"என்னான்னு?"

"என்ன தெரியுதோ அது."

மறுநாள் காலை முதல் வேலையாக ஐசக்கைத் தேடிப் போனாள். ஐசக் அங்கே இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர், ஓசூரிலேயே பிறந்தவர், அவளுக்குச் சர்ச்சிலும் அண்ணன், வேலையிலும் அண்ணன். அந்தப் புரோகிராமை இரண்டு பேரும் பாதி பாதியாக எழுதியிருந்தார்கள். பெங்களூரில் வாங்கிய ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில் லினக்ஸும், புரோகிராம் எழுதுகிற பைதான் மொழியும் இருந்தன. கம்பெனி பழையதென்று ஒதுக்கிய கம்ப்யூட்டரில் ஐசக்தான் அவற்றைப் போட்டார். பைதான் என்றால் என்ன என்று கோவிந்தப்பன் கேட்டதற்கு, மலைப்பாம்பு சார், முழுங்குனா வெளிய விடாது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவரும் அவர்தான். ரகத்தைக் கேட்டு வாங்கி, எல்லையைத் திரையில் காட்டுகிற கோப்பு ஐசக் எழுதியது. அதற்குத் திரை என்று பெயர். அழுத்தத்தைப் படித்து, எல்லையோடு ஒப்பிட்டு, விளக்கைப் போடுகிற கோப்பு ஜெபசீலியுடையது. அதற்குச் சோதனை என்று பெயர்.

மேசையைச் சரிபார்ப்பதற்கென்றே ஓட்டைப் பாடி ஒன்றை அங்கே வைத்திருப்பார்கள். அதைப் பூட்டினால் அழுத்தம் எட்டு இறங்கும். டிராக்டருக்குப் பச்சை, காருக்குச் சிவப்பு, அப்படித்தான் வரவேண்டும். மேசையில் அப்போது டிராக்டர் பாடி ஓடிக்கொண்டிருந்தது. ஜெபசீலி புரோகிராமை நிறுத்தாமல் கீயைத் தட்டி ரகத்தை மாற்றினாள். கார் பாடி, நாலு என்று திரை காட்டியது. ஓட்டைப் பாடியைப் பூட்டிக் காற்றை ஏற்றினாள்.

பச்சை எரிந்தது.

ஐசக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவையும் பச்சை. புரோகிராமை நிறுத்தி, திரும்பத் தொடங்கி, எந்தப் பாடி என்று அது கேட்டபோது கார் என்று சொன்னாள். அதே ஓட்டைப் பாடி. சிவப்பு.

"என் திரை சரியாத்தானே ஜெபா காட்டுச்சு" என்றார் ஐசக்.

"என் சோதனையும் சரியாத்தான் சோதிச்சுது. பன்னெண்டுன்னு நெனச்சுக்கிட்டு சோதிச்சுது."

"நாலுன்னு நான் மாத்திட்டேனே."

"நீங்க மாத்துனது அதுக்குத் தெரியலைண்ணா."

அவள் அறைக்குப் போய் இரண்டு கோப்புகளையும் திரையில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். வெளியே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. ஐசக் தன் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்தார். ஜெபசீலி தன் கோப்பின் முதல் வரியைத் தாண்டவில்லை. அவள் எழுதிய வரிதான். திரை என்ற கோப்பிலிருந்து எல்லை என்ற பெயரை எடுத்து வா என்று சொல்கிற சாதாரணமான வரி. பைதான் அதை அப்படியே செய்திருந்தது. தொடங்கும்போது எல்லை எந்த எண்ணோ அந்த எண்ணை எடுத்து வந்து, அதே பெயரில் இவள் கோப்பில் வைத்துக்கொண்டது. அதன் பிறகு ஐசக்கின் கோப்பில் எல்லை நாலாக மாறியது. இவள் கோப்பில் இருந்த எல்லை பழைய பன்னிரண்டிலேயே நின்றது. பெயர் ஒன்றுதான். ஆனால் இரண்டு வீடுகளில் இரண்டு.

பட்டறையில் பலர் காலையில் போர்டைப் பார்த்து அன்றைய அளவை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போவார்கள். மத்தியானம் போர்டில் அளவை மாற்றினாலும் அவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள். போர்டும் பொய் சொல்லாது, கையும் பொய் சொல்லாது. தன் கோப்பு கையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஜெபசீலி சொன்னபோது ஐசக் உடனே புரிந்துகொண்டார்.

"அப்ப இத்தன நாளா?"

"இத்தன நாளா கரண்டு போயிட்டிருந்துச்சு. போயி வரும்போதெல்லாம் கையக் கழுவிட்டு மறுபடி எழுதிக்கிச்சு."

"கரண்டு போனாத்தான் நம்ம புரோகிராம் ஒழுங்கா ஓடும்னு ஆயிப்போச்சு. இத வெளிய சொல்லிறாத, ஜெபா."

அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், யாரிடம் சொல்லவேண்டும் என்பதுதான் அவள் மனதில் நின்றது. ஆனால் அதற்கு முன்னால் இதைச் சரிசெய்தாக வேண்டும். எது தவறு என்று காட்டினால் மட்டும் போதாது, இப்படி இருந்திருந்தால் சிவப்பு எரிந்திருக்கும் என்றும் காட்ட வேண்டும்.

எண்ணைக் கொடுக்காமல் போர்டையே கொடுத்துவிடலாம் என்றாள் அவள். எல்லையும் ரகமும் எழுதிய பொருள் ஒன்று இருக்கட்டும். இரண்டு கோப்புகளும் அந்த ஒரே பொருளைப் பிடித்துக்கொள்ளட்டும். ஐசக் அதில் எண்ணை மாற்றி எழுதினால், பிடித்துக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். ஐசக் தலையாட்டிவிட்டு, அந்தப் பொருளைத் தன் கோப்பிலேயே எழுதினார். எழுதும்போதே, இதுவும் ஒழுங்காக இருக்கட்டும் என்று, மற்ற கோப்புகளை அழைக்கிற வரிகளை எல்லாம் மேலே கொண்டுபோய் வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓடவிட்டதும் புரோகிராம் தொடங்கவே இல்லை. அந்தப் பெயரே அங்கே இல்லை என்று சொல்லிச் செத்துப்போனது.

"இருக்குதே. கண்ணு முன்னாடி இருக்குது" என்று ஐசக் திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

ஜெபசீலிக்கு இது குழப்பமாக இல்லை. திரையை ஏற்றத் தொடங்கியதும் அதன் முதல் வரி, சோதனையைக் கூப்பிடு என்கிறது. சோதனையின் முதல் வரி, திரையிலிருந்து அந்தப் பொருளை எடு என்கிறது. திரை இன்னும் பாதிகூட ஏறவில்லை. பொருள் எழுதப்பட்ட இடத்துக்கே அது வந்து சேரவில்லை. அவர்கள் ஸ்டோர்ஸில் இது அடிக்கடி நடப்பதுதான். குவாலிட்டி கையெழுத்து இல்லாமல் ஸ்டோர்ஸ்காரர் கேஜ் தரமாட்டார். கேஜை வைத்து அளக்காமல் குவாலிட்டிக்காரர் கையெழுத்துப் போடமாட்டார். நடுவில் கேஜுக்காக நிற்கிறவன் டீ குடிக்கப் போய்விடுவான்.

அந்த வரியைப் பழையபடி கீழே இறக்கிவிட்டால் ஓடும் என்றார் ஐசக். இறக்கிக் காட்டினார், ஓடியும் விட்டது. போதுமே என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"வேணாண்ணா. யாரு முன்னாடி வர்றா, எந்த வரி மேல இருக்குதுங்கறத நம்பி ஓடுற எதுவும் வேணாம். நாளைக்கு வேற யாராச்சும் வந்து, அசிங்கமா இருக்குதேன்னு மேல ஏத்துவாங்க. மறுபடி படுத்துக்கும். இதுவும் கரண்டு போறத நம்பி ஓடுனது மாதிரிதான்."

அவள் மூன்றாவதாக ஒரு கோப்பைத் திறந்தாள். அளவு என்று பெயர் வைத்தாள். அதில் அந்தப் பொருள் மட்டும்தான். ரகம், எல்லை, வேறெதுவும் இல்லை. அந்தக் கோப்பு யாரையும் அழைக்கவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. திரையும் அதைக் கேட்கும், சோதனையும் அதைக் கேட்கும். எத்தனை பேர் கேட்டாலும் பைதான் ஒரு கோப்பை ஒரு தடவைதான் ஏற்றும். அடுத்துக் கேட்கிறவருக்கு ஏற்கெனவே ஏற்றியதையே எடுத்துக் கொடுக்கும். ஆகவே இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே பொருள். எதைக் கேட்டாலும் அளவு என்ற பெயரோடு சேர்த்துக் கேட்க வேண்டும், எண்ணை மட்டும் உருவிக்கொண்டு வரக்கூடாது என்று ஐசக்கிடம் சொன்னாள். தன் கோப்பிலும் அந்தப் பழைய முதல் வரியை அழித்துவிட்டு எழுதினாள். எழுதி முடித்ததும் அறை மிகவும் அமைதியாக இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. ஒரு காரியம் தன் இடத்தில் போய் உட்கார்ந்த அமைதி அது.

சாப்பாட்டு நேரத்தில் மேசை காலியானபோது புதிய புரோகிராமை ஓட்டிப் பார்த்தார்கள். நடுவில் டிராக்டரிலிருந்து காருக்கு மாற்றினார்கள், சிவப்பு. திரும்ப டிராக்டருக்கு மாற்றினார்கள், பச்சை. மாற்றி மாற்றி ஐசக் கைவலிக்கும்வரை பார்த்தார். விளக்கு ஒரு தடவையும் தவறவில்லை.

பிறகு அவள் கோவிந்தப்பன் அறைக்குப் போனாள். அவர் சூளகிரிப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், பெங்களூருக்குப் போன் போட்டால் கன்னடம். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத பாரும்மா. தப்பு ஒரு ஆளோடதுன்னா ஒரு லாட்டோட போச்சு. புரோகிராமோடதுன்னா? யூபிஎஸ் வந்த நாளா போன கார் பாடி அத்தனையும் கேள்வி."

"ஆமா சார்."

"ஆமான்னு இவ்ளோ சுலபமா சொல்றியே."

சரிசெய்தாகிவிட்டது அல்லவா, அப்புறம் எதற்கு என்று அவர் கேட்டார். அந்தப் பெண்ணை எங்காவது தெரிந்த கம்பெனியில் அவரே சொல்லிச் சேர்த்துவிடுவார். இங்கே எதுவும் கலையாது. கார் கம்பெனி இன்னொரு தடவை லாட்டைத் திருப்பினால் ஒப்பந்தமே போகும், போனால் எத்தனை பேர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று யோசித்தாளா? கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பாதியை அவள் மனதில் வைத்துப் பார்த்தாள். மறுபாதியில் பேக்கரி வாசலில் நின்ற பெண் இருந்தாள்.

"போன பாடியெல்லாம் வண்டியில ஏறி உக்காந்திருக்கும் சார். நாம சொன்னாலும் கசியும், சொல்லலைன்னாலும் கசியும். நாமளே சொன்னா நல்ல பேரு. அவங்க கண்டுபிடிச்சா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நாளைக்கு என்கொயரிய மேசைகிட்ட வச்சுக்கலாம் சார். நாற்காலி வேணாம். கொஞ்ச நேரந்தான், நின்னே பாக்கலாம். நான் அங்கதான் சொல்வேன்."

சரி என்றோ வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. வரும் வழியில் அவள் மாடசாமியிடமும் அதையே கேட்டாள். விசாரணையை எங்கே வைப்பது என்பது அவர் கையில்தான் இருந்தது. பட்டறையில் விசாரணை வைத்து அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் மேனேஜரும் மறுக்கவில்லை என்றதும், என்னமோ செய், எனக்குச் சட்டப்படி அந்தப் பிள்ளை முன்னால நடந்தாச் சரி என்றார். மாலையில் பேக்கரி வாசலுக்குப் போய் முனிலட்சுமியிடம் ஜெபசீலி சொன்னது கொஞ்சம்தான். நாளைக்கு வா. அன்னிக்கு எப்படி மாத்துனியோ அப்படியே மாத்து. எதையும் கூட்டாதே, எதையும் விடாதே.

வெள்ளிக்கிழமை காலை மேசையைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். மற்றவர்கள் வேலை பார்ப்பதுபோல் தூரத்தில் நின்று பார்த்தார்கள். மாடசாமி ஒரு தரம் கனைத்துவிட்டு, வழக்கம்போல் முனிலட்சுமியின் பெயர், டோக்கன் நம்பர், குற்றச்சாட்டு எல்லாவற்றையும் வாசித்தார். பிறகு ஜெபசீலியைப் பார்த்து, புரோகிராமைப் பற்றி நீ சொல்லவேண்டியதைச் சொல் என்றார்.

"புரோகிராம்ல தப்பு இருக்குது சார். அந்தப் பொண்ணு சரியாத்தான் மாத்தியிருக்கா."

மாடசாமி பேனாவை நிறுத்தினார்.

பழைய புரோகிராமை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். அதை டிராக்டர் ரகத்தில் தொடங்கி ஓடவிட்டு, முனிலட்சுமியிடம் கையைக் காட்டினாள். முனிலட்சுமி யாரையும் பார்க்காமல் மேசைக்குப் போனாள். பிக்ஸ்சரைக் கழற்றி மாற்றினாள். கீயைத் தட்டினாள். திரையில் கார் பாடி, நாலு என்று வந்ததும், அந்த இடத்தில் கொஞ்சநேரம் கையை வைத்துக்கொண்டாள். எல்லோரும் பார்க்கட்டும் என்பதற்காக. பிறகு ஓட்டைப் பாடியைப் பூட்டினாள். பச்சை எரிந்தது.

"என்ன இது, திரை ஒண்ணு சொல்லுது, வெளக்கு ஒண்ணு சொல்லுது" என்றார் மாடசாமி.

உள்ளங்கைக் கதையை ஐசக் சொன்னார். முக்கால்வாசிப் பேருக்கு அதுவே போதுமாக இருந்தது. தூரத்தில் நின்ற ஒருவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஜெபசீலி பழையதை நிறுத்திவிட்டுப் புதிய புரோகிராமைப் போட்டாள். முனிலட்சுமி அதே காரியத்தை அதே வரிசையில் திரும்பச் செய்தாள். சிவப்பு.

பிறகு ஜெபசீலி கோவிந்தப்பனைப் பார்த்து இன்னொன்றையும் சொன்னாள். வாரத்தைக் கார் ரகத்தில் தொடங்கிவிட்டு நடுவில் டிராக்டருக்கு மாற்றினால் பழைய புரோகிராம் நாலிலேயே நிற்கும். நல்ல டிராக்டர் பாடிகளுக்கெல்லாம் சிவப்பு எரிந்திருக்கும்.

அதைக் கேட்டதும்தான் கோவிந்தப்பனின் முகம் மாறியது. இரண்டு மாதமாகவே டிராக்டர் பாடிகள் அளவுக்கு மீறி ரிஜெக்ட் ஆகின்றன என்று, குருபரப்பள்ளியில் வார்ப்பு ஊற்றித் தருகிற பவுண்டரிக்காரரைப் போனில் பிடித்து அவர் வாட்டி எடுத்திருந்தார். அந்த மனிதர் மணலை மாற்றினார், உலையை மாற்றினார், கடைசியில் ஒரு ஆளையும் மாற்றினார். கோவிந்தப்பன் தனக்குள் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டார். ரிஜெக்ட் பாடிகள் எங்கே இருக்கின்றன என்று ஐசக்கைக் கேட்டார். ஷெட்டுக்குப் பின்னால், உருக்குவதற்காகக் குவித்து வைத்திருப்பதாக ஐசக் சொன்னார். அனுப்பிவிடவில்லையே என்று திரும்பவும் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"அத்தனையும் மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. கார் பாடி ஸ்டாக்குல இருக்கறதும். பெங்களூருக்கு நான் பேசிக்கறேன்." அவள் பக்கம் திரும்பினார். "நீ கூட வா. அந்தக் கையி, போர்டு எல்லாம் அங்க வந்து நீயே சொல்லு."

"வர்றேன் சார்."

"திட்டுவாங்க."

"திட்டட்டும் சார். சரியானத எடுத்துக்கிட்டுதானே போறோம்."

அவர் தலையை ஆட்டினார். பவுண்டரிக்குத் தான் முதலில் போன் போடவேண்டும் என்று சொல்லிவிட்டு, நடந்து போகும்போதே நம்பரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபடி போனார்.

மாடசாமி தன் தாள்களைப் புரட்டி, எழுதியதை அடித்துத் திரும்ப எழுதினார். சஸ்பென்ஷன் ரத்து, குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றால் போதுமா என்று ஜெபசீலியைக் கேட்டார். குற்றமே இல்லை என்று எழுதச் சொன்னாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். பெர்மனென்ட் ஆர்டர் இந்த மாதமே வரும் என்றும், அதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் முனிலட்சுமியிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தாளை நீட்டினார்.

முனிலட்சுமிக்கு அதை வாங்கக் கை ஒழியவில்லை. திரும்பி வந்த லாட்டின் முதல் பெட்டி மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒரு பாடியைப் பூட்டிக் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து அப்பறம் போடறங்க சார். இந்தப் பொட்டி முடியட்டும்."

"சரி தாயி, முடி."

சிவப்பு எரிந்தது. அதைக் கழற்றி இடப்பக்கம் வைத்தாள். அடுத்தது பச்சை, வலப்பக்கம். அடுத்தது சிவப்பு. ஜெபசீலி பக்கத்திலேயே நின்றாள். போய்ப் பார்க்க வேண்டிய வேலைகள் இருந்தன. ஐசக் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். ஒவ்வொரு பாடியையும் பூட்டும்போது முனிலட்சுமி திரையை ஒரு முறையும் விளக்கை ஒரு முறையும் பார்த்தாள். அவள் பார்க்கிற வரைக்கும் ஜெபசீலியும் பார்த்தாள். பெட்டியில் பாதி இறங்கிய பிறகு முனிலட்சுமி திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு விளக்கை மட்டும் பார்க்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு ஜெபசீலி அங்கே நிற்கத் தேவையிருக்கவில்லை.